நாற்பத்திரண்டு நாள் தண்ணீர்

ஜனவரி 19

டாக்டரம்மாவுக்கு,

நான்கு முறை போன் செய்தேன், நீங்கள் எடுக்கவில்லை. ஐந்தாவது முறை மணி அடிக்கும் முன்பே அணைந்துவிட்டது. அதனால் எழுதுகிறேன். கடிதத்தை அப்படி அணைக்க முடியாது, யாராவது கொண்டுவந்து கையில் கொடுத்துவிடுவார்கள்.

எட்டாம் தேதி காலையில் வழக்கம்போல ஆராய்ச்சிக்கூடத்து எலி அறையைத் திறந்து, கவுன் மாட்டி, முதல் அடுக்குக்குத் தண்ணீர் பாட்டில் மாற்றிக்கொண்டிருந்தேன். பொறுப்பாளர் வந்து கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றபடி, "கையுறைய கழட்டிட்டு ஆபீசுக்கு வாங்க" என்றார். ஒன்பது வருஷத்தில் அவர் என்னிடம் 'வாங்க' என்று சொன்னதே இல்லை.

அங்கே ஒரு தாளை வாசித்தார்கள். மூட்டுவீக்க ஆராய்ச்சிக்கு வைத்திருந்த கூண்டுகளின் அட்டைகள் பராமரிப்பாளரின் கவனக்குறைவால் மாறிவிட்டன, பெரிய ஆராய்ச்சி ஒன்று கெட்டுவிட்டது, இதை ஆராய்ச்சி மாணவி தெரிவித்திருக்கிறார். இவ்வளவுதான் என் காதில் விழுந்தது. பராமரிப்பாளர் நான். மாணவி யார் என்று கேட்க வேண்டியதில்லை. அந்த எலிகளுக்கு ஒரே மாணவிதான்.

மத்தியானத்துக்குள் லாக்கர் சாவியை வாங்கிக்கொண்டார்கள். அந்த அறையிலிருந்து ஒரு எலியை வெளியே எடுக்க வேண்டுமென்றால்கூட மூன்று பேர் கையெழுத்து வேண்டும். என்னை எடுக்க ஒரு கையெழுத்து போதுமாக இருந்தது.

வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு மகளோடு அண்ணன் வீட்டுக்கு வந்திருக்கிறேன். பஸ்ஸில் நான்கு மணி நேரம். குட்டிக்குப் பதினொன்றாம் வகுப்பின் நடுவில் பள்ளிக்கூடம் மாற்ற வேண்டியிருக்கிறது. அண்ணி ஒன்றும் சொல்லவில்லை. ஏதாவது சொல்லியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன்.

எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். அட்டையை நான் மாற்றினேன் என்று நீங்கள்தான் சொன்னீர்களா, இல்லை உங்கள் பெயரைப் போட்டு வேறு யாராவது எழுதினார்களா? உங்களை நீ, வா, போ என்று கூப்பிட்டுப் பழகிய வாய் இது. எழுத உட்கார்ந்தால் அது வரமாட்டேன் என்கிறது.

எலி அறை அக்கா


ஜனவரி 30

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதம் ஆறு நாள் என் மேஜையில் இருந்தது. போனில் உங்கள் குரலைக் கேட்டால் என்னால் பேச முடியாது என்பதால்தான் எடுக்கவில்லை. மன்னிக்க வேண்டும்.

நான் உங்கள் மேல் புகார் எழுதிக் கொடுக்கவில்லை. டிசம்பர் கடைசியில் நடந்தது இதுதான். ஒரு மரபணுவை நீக்கிய எலிகளுக்கு மூட்டுவீக்கம் வரவைக்கும் ஊசி போட்டாலும் கால் வீங்காது என்பதுதான் என் ஆய்வு. அதைச் சொல்லிக் கட்டுரையும் வெளிவந்துவிட்டது. ஆய்வேட்டைக் கொடுப்பதற்கு முன் இன்னும் அதிக எலிகளில் ஒருமுறை செய்து காட்டச் சொன்னார்கள். செய்தேன். பத்தாம் நாள் அளவுகோலை வைத்துக் கால்களை அளந்தபோது எல்லாக் கால்களும் வீங்கியிருந்தன. வீங்கவே கூடாத எலிகள் நடக்க முடியாமல் மரத்தூளில் வயிற்றை இழுத்துக்கொண்டு போயின.

என் ஆய்வு வழிகாட்டி சார் கேட்டார், "என்ன நடந்திருக்கும்?" ஊசி மருந்து கெட்டுப்போயிருக்கலாம், ஊசியின் அளவு தப்பியிருக்கலாம், கூண்டு அட்டை மாறி எல்லாமே சாதாரண எலியாக வந்திருக்கலாம் என்று நான் நினைத்ததையெல்லாம் சொன்னேன். அவர் மூன்றாவதைப் பிடித்துக்கொண்டார். உங்கள் வேலை போகும் என்று எனக்குத் தெரியாது.

என் உதவித்தொகை ஜூனோடு முடிகிறது. நான்கு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. வீட்டிலிருந்து போன் வந்தால் அம்மா முதலில் கேட்பது, "எப்பம்மா முடியும்?" என்பதைத்தான்.

கோபப்படாதீர்கள். நீங்கள் நிதானமாக நினைத்துப் பார்த்தீர்களா? நவம்பரில் குட்டிக்குக் காய்ச்சல் என்று மூன்று நாள் தூக்கமில்லாமல் வேலைக்கு வந்தீர்கள். அந்த மூன்று நாளில் கூண்டு மாற்றும்போது கைதவறி ஏதாவது நடந்திருக்கலாம் இல்லையா? மனிதர்கள்தானே. அப்படியிருந்தால் எனக்கு மட்டும் சொல்லுங்கள். நான் வேறு யாரிடமும் போகமாட்டேன்.

இப்படிக்கு,
தங்கச்சி


பிப்ரவரி 6

டாக்டரம்மாவுக்கு,

சொன்னது நீங்கள்தான் என்று தெரிந்துவிட்டது. சொன்னதற்குப் 'புகார்' என்று பெயர் வைக்காமல் விட்டால் புகார் இல்லை என்று ஆகிவிடுமா?

கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். அந்தக் கறுப்பு எலிகள் எல்லாம் ஒரே அச்சு. எது மரபணு நீக்கியது, எது சாதாரணம் என்று அட்டைதான் சொல்லும். அது எனக்கு முதல் நாளே தெரியும். அதனால் ஒரு கூண்டைத் திறந்தால் அதை மூடும்வரை அடுத்த கூண்டைத் தொடமாட்டேன். புதுக் கூண்டில் முதலில் அட்டையை மாட்டுவேன், பிறகுதான் எலி. காய்ச்சலில் கிடந்தது குட்டி, நான் இல்லை. அந்த மூன்று நாளும் பயந்துகொண்டு ஒவ்வொரு அட்டையையும் இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தேன். அடுத்த கூண்டு அறையில் வேலை பார்க்கும் பெண், "என்னக்கா, எலிக்குப் பாடம் நடத்துறியா?" என்று கேலி செய்தாள். வேண்டுமானால் அவளைக் கேளுங்கள்.

நான் சொன்னதைச் செய்யாதவள் இல்லை. நீங்கள் புது முறை ஏதோ கற்றுக்கொள்ள வேறு ஊருக்கு இரண்டு மாதம் போனீர்களே, மூன்று வருஷத்துக்கு முன்னால், அப்போது உங்கள் எலிகளை யார் பார்த்துக்கொண்டது? இடது பக்க அடுக்கில் இருந்த உங்கள் மரபணு நீக்கிய எலிகளுக்கெல்லாம் வயிற்றுப்போக்கு வந்தது. எலிக்கு வைத்தியம் பார்க்கிற நம்ம மாட்டு டாக்டர் வந்து பார்த்து, தண்ணீரில் ஆன்டிபயாடிக் கலந்து கொடுக்கச் சொன்னார். ஒரு வாரம் என்றார், பிறகு இன்னும் ஒரு வாரம் என்றார், கடைசியில் நாற்பத்திரண்டு நாள் ஆனது. தினமும் கலக்க வேண்டும், பழையதைக் கொட்ட வேண்டும், ஞாயிற்றுக்கிழமையும் வர வேண்டும். ஒரு நாள் தவறவில்லை. பதிவேட்டில் நாற்பத்திரண்டு கையெழுத்து இருக்கும். நீங்கள் திரும்பி வந்த அன்று காலையில்தான் கடைசி மருந்துத் தண்ணீர் வைத்தேன். எல்லா எலியும் பிழைத்துவிட்டது என்று சொன்னேன். மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல், "சரிக்கா, தேங்க்ஸ்க்கா" என்றீர்கள். அடுத்த வாரமே அந்த எலிகளை எடுத்துத்தான் உங்கள் முதல் பரிசோதனையைச் செய்தீர்கள். கால் வீங்கவில்லை என்று கேக் வாங்கிவந்தீர்கள். அந்தக் கேக்கில் எனக்கும் பங்கு உண்டு என்று நினைத்தேன்.

இப்படி வேலை பார்த்தவள் மூன்று நாள் தூக்கம் போனதால் அட்டையை மாற்றிவிட்டாள் என்று நினைத்தால், நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் என்னிடம் ஒப்புக்கொள்ளச் சொல்லி எழுதாதீர்கள்.

அக்கா


மார்ச் 2

டாக்டரம்மாவுக்கு,

ஒரு மாதமாகிறது. பதில் இல்லை.

வேலைநீக்க உத்தரவின் நகல் நேற்றுத்தான் தபாலில் வந்தது. அன்றைக்கு எனக்கு வாசித்துக் காட்டியது முதல் பத்தி மட்டும்தான். இரண்டாவது பத்தியில், பராமரிப்பாளரின் கைவிரல்கள் காலை நேரத்தில் விறைத்துப்போவதால் அவர் இந்தப் பணிக்கு உடல்தகுதி உடையவர் அல்ல என்று எழுதியிருக்கிறது.

என் விரல் விறைக்கிறது என்று நான் அண்ணனிடம் சொல்லவில்லை. என் மகளிடம்கூடப் போன வாரம்தான் சொன்னேன். ஆஸ்பத்திரிச் சீட்டை ஒரே ஒரு ஆளிடம் காட்டினேன். முடக்குவாதத்தின் ஆரம்பம் என்று போட்டிருக்கிறதே, இது உன் எலிக்கு வருகிற அதே வியாதியா என்று கேட்டேன். அந்த ஆள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "கவலப்படாதீங்கக்கா, இதுக்குத்தான் நான் மருந்து கண்டுபிடிச்சிட்டிருக்கேன்" என்றாள்.

இதற்காவது பதில் எழுதுங்கள்.


மார்ச் 9

அக்கா,

எழுதுகிறேன். எதையும் மறைக்கப்போவதில்லை. படித்துவிட்டுக் கிழித்துப் போடுங்கள், பரவாயில்லை.

உங்கள் விரலைப் பற்றிச் சொன்னது நான்தான். சார் அட்டை மாறியிருக்கும் என்பதைப் பிடித்துக்கொண்ட பிறகு, "அந்தம்மா அப்படி மாத்தற ஆள் இல்லையே" என்று அவரே தயங்கினார். அப்போது நான் வாயைத் திறந்தேன். "காலையில அவங்க விரல் சரியா வேலை செய்யறதில்ல சார்" என்றேன். பயமாக இருந்தது. எல்லாக் கால்களும் வீங்கியதற்கு ஒரு காரணம் கிடைக்கவில்லையென்றால் அந்தக் காரணம் நானாகிவிடுவேன் என்று பயம். நீங்கள் என்னை நம்பிக் காட்டிய சீட்டு என் வாயில் வந்தது. அந்த வாக்கியத்தை முடிக்கும்போதே செய்வது என்ன என்று எனக்குத் தெரியும்.

அடுத்தது அட்டை. பரிசோதனை முடிந்த அன்று ஒவ்வொரு எலியிடமிருந்தும் வால் நுனியில் ஒரு துணுக்கு எடுத்து ஃப்ரீஸரில் வைத்திருந்தேன். அதைச் சோதித்தால் எந்தக் கூண்டில் எந்த எலி இருந்தது என்று ஒரே நாளில் தெரிந்துவிடும். ஒரு நாள் வேலை அக்கா. டிசம்பரிலிருந்து நான் அதைச் செய்யவில்லை. நேரமில்லை என்று சொல்லிக்கொண்டேன். சாரும் செய்யச் சொல்லவில்லை. உங்கள் பிப்ரவரிக் கடிதத்தைப் படித்த மறுநாள் செய்தேன். நாற்பது எலிகள். நாற்பதும் அட்டையில் இருந்தபடியே இருந்தன. ஒன்றுகூட மாறவில்லை.

அப்படியென்றால் அந்த எலிகளுக்கு ஏன் கால் வீங்கியது? இந்தக் கேள்விக்கும் பதில் உங்கள் கடிதத்திலேயே இருந்தது. உங்களுக்குத் தெரியாமல் எழுதிவிட்டீர்கள்.

அந்த நாற்பத்திரண்டு நாள் மருந்துத் தண்ணீர். மூட்டைத் தாக்கி வீங்கவைக்கும் உடம்பின் எதிர்ப்பு சக்தியை உசுப்பிவிடுவதில் குடலில் வாழும் கிருமிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆன்டிபயாடிக் அந்தக் கிருமிகளைத் துடைத்துவிடும். முதல் பரிசோதனையில் என் மரபணு நீக்கிய எலிகளுக்குக் கால் வீங்காமல் இருந்ததற்கு மரபணு காரணமாக இல்லாமல் இருக்கலாம். ஆறு வாரம் குடித்த மருந்துதான் காரணமாக இருக்கலாம். சாதாரண எலிகள் வலது பக்க அடுக்கில் இருந்தன, அவற்றுக்கு நீங்கள் மருந்து வைக்கவில்லை. ஒரு மாதம் கழித்துச் செய்த இரண்டாவது பரிசோதனைக்கும் அதே அடுக்கில் மீதியிருந்த எலிகளைத்தான் எடுத்தேன். இப்போது செய்ததில் எந்த எலியும் மருந்து குடித்ததில்லை. எல்லாம் வீங்கிவிட்டன.

பழைய பதிவேட்டைத் தேடி எடுத்தேன். நாற்பத்திரண்டு கையெழுத்தும் இருந்தன. அந்தப் பக்கத்தின் அடியில் மாட்டு டாக்டரின் கையெழுத்து, அதற்குக் கீழே சாரின் சுருக்கொப்பம். படித்துப் போட்டாரா, நீட்டிய தாளில் போட்டாரா, எனக்குத் தெரியாது. நீங்கள் என்னிடம் நேரில் சொன்னீர்கள், நான் காதில் வாங்கவில்லை. அது மட்டும் தெரியும்.

ஒரு மாதமாக இதைத்தான் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். லேபில் என் இடத்தில் உட்கார்ந்து பிப்பெட்டைக் கையில் எடுப்பேன், எதற்கு எடுத்தேன் என்று மறந்துபோகும். நான் கண்டுபிடித்தது ஒன்றுமே இல்லை.

உங்கள் மேல் தப்பே இல்லை. இதை உங்களுக்கு எழுதிவிட்டேன். வெளியில் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சொன்னால் நான் முடிந்தேன்.


மார்ச் 15

கடிதம் கிடைத்தது.

இனிமேல் உனக்கு 'நீங்கள்' கிடையாது. மரியாதை கொடுத்து எழுதினால் தூரத்தில் நிற்பதுபோல இருக்கிறது. நீ என் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்தவள். அந்தக் கையைக் காட்டிக்கொடுத்தவள். பக்கத்தில் நிறுத்தித்தான் உன்னைத் திட்ட வேண்டும்.

திட்ட நினைத்து மூன்று தாளைக் கிழித்தேன். ஒன்றும் போதவில்லை.

நீ முடிந்தாய் என்று எழுதியிருக்கிறாய். நான் ஜனவரி எட்டாம் தேதியே முடிந்தேன். அண்ணி நேற்று முதல் முறையாக வாயைத் திறந்தாள். "கை சரியில்லன்னு அங்கயே எழுதிக் கொடுத்துட்டாங்களாமே, இனி எங்க வேலை கிடைக்கும்" என்று அண்ணனிடம் சொன்னாள். நான் அடுத்த அறையில் இருக்கிறேன் என்று தெரிந்துதான் சொன்னாள். இரண்டு இடத்தில் கேட்டேன். ஏற்கெனவே இருந்த இடத்திலிருந்து ஒரு கடிதம் கொண்டுவாருங்கள் என்கிறார்கள். என்னிடம் இருக்கும் ஒரே கடிதம் அந்த உத்தரவுதான்.

யோசித்து முடித்துவிட்டு எழுது. அதுவரை எழுதாதே.


மே 24

அக்கா,

யோசித்து முடிக்கவில்லை. ஆனால் செய்ய வேண்டிய ஒன்றைச் செய்துவிட்டேன்.

மார்ச் மாதம் பன்னிரண்டு சாதாரண எலிகளைக் கழித்துக்கட்டப் பட்டியல் போட்டிருந்தார்கள். அவை எனக்கு வேண்டும் என்று எழுதிக்கொடுத்து வாங்கினேன். எதற்கு என்ற இடத்தில் மொட்டையாக ஏதோ எழுதினேன். ஆறு எலிகளுக்கு உங்கள் பதிவேட்டில் இருந்த அதே மருந்து, அதே அளவு, நாற்பத்திரண்டு நாள். ஆறுக்கு வெறும் தண்ணீர். நானே கலந்தேன், நானே வைத்தேன். புதிதாக வந்திருக்கும் ஒப்பந்தப் பணியாளர் கூண்டு அட்டையைப் பல்லில் கடித்துக்கொண்டு வேலை செய்கிறார், அவரிடம் விட மனமில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த அறையில் தனியாக நின்று பாட்டில் கழுவும்போது, நீங்கள் இதை எத்தனை நாள் செய்தீர்கள் என்று எண்ணிக்கொண்டிருப்பேன்.

பிறகு ஊசி போட்டேன். பத்தாம் நாள் அளந்தேன். வெறும் தண்ணீர் குடித்த ஆறும் வீங்கின. மருந்து குடித்த ஆறில் ஐந்துக்கு ஒன்றுமே இல்லை. சாதாரண எலிகள் அக்கா. எந்த மரபணுவையும் யாரும் நீக்காதவை. என் ஆய்வு அங்கேயே செத்துவிட்டது. நான் அளவுகோலைக் கழுவித் துடைத்து உறையில் போட்டேன்.

மறுநாள் சாரிடம் போனேன். அவர் கணினியைப் பார்த்தபடி கேட்டார்.

"இந்தப் பன்னிரண்டு எலிய யார் வளக்கச் சொன்னா?"

"நான்தான் சார்."

"பன்னிரண்டு எலிய வச்சு நாலு வருஷ வேலைய அழிக்கப் போறியா?"

"அழிஞ்சுதான் சார் இருக்கு. நாம பாக்கல."

அவர் கெட்டவர் இல்லை அக்கா. என்னைப் பார்த்தபோது அவர் முகம் வெளிறியிருந்தது. "அந்தக் கட்டுரைய நம்பி வேற ரெண்டு லேப்ல வேலை ஆரம்பிச்சிருக்காங்க. தெரியுமா?" என்றார்.

"அதனாலதான் சார் சொல்லணும்."

"சொல்லலாம். மூணு மாசம் பொறு. ஆய்வேட்டக் கொடு, பட்டத்த வாங்கு. அப்புறம் நானே மெதுவா ஒரு திருத்தம் அனுப்பறேன். உனக்கும் நல்லது, எல்லாருக்கும் நல்லது."

"அக்காவுக்கு வேலை போயிருச்சு சார்."

"எந்த அக்கா?"

நான் அறையை விட்டு வெளியே வந்துவிட்டேன்.

மூன்று மாதம் என்பது எனக்கு எவ்வளவு இனிப்பான வார்த்தை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். அதையும் மறைக்க விரும்பவில்லை. இரண்டு நாளாக அதையே நினைக்கிறேன். மூன்று மாதம்தானே, அக்கா பொறுத்துக்கொள்ள மாட்டார்களா என்று. என்ன செய்யட்டும், சொல்லுங்கள்.


ஜூன் 1

தங்கச்சி,

என்னைக் கேட்கிறாய். கேட்கக்கூடாத ஆளைக் கேட்கிறாய், இருந்தாலும் சொல்கிறேன்.

பொறுக்கமாட்டேன். ஐந்து மாதம் பொறுத்தாயிற்று. பட்டத்தை வாங்கிக்கொண்டு பிறகு சொல்கிறேன் என்றால் நீ சொல்லமாட்டாய். உன்னைக் கெட்டவள் என்று சொல்லவில்லை. பட்டம் வந்ததும் வேலை வரும், வேலை வந்ததும் வீட்டில் கல்யாணப் பேச்சு வரும், ஒவ்வொன்றும் வரும்போது சொல்வது இன்னும் கஷ்டமாகும். அவர் மெதுவாக அனுப்புகிற திருத்தத்தில் எலி இருக்கும், தண்ணீர் இருக்கும், நான் இருக்கமாட்டேன்.

சொன்னால் உனக்கு என்ன போகும் என்று எனக்குத் தெரியும். நீ அந்தக் கட்டிடத்துக்குள் முதல் நாள் பெரிய பையை மாட்டிக்கொண்டு வந்ததையும், எலியைப் பிடிக்கத் தெரியாமல் கடி வாங்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டதையும் பார்த்தவள் நான். தெரிந்தேதான் கேட்கிறேன். சொல்லு.

எனக்கும் ஒன்று போயிருக்கிறது, அதை நீ யோசித்திருக்க மாட்டாய். உன் எலிகளுக்குக் கால் வீங்கவில்லை என்றபோது, என் விரலுக்கும் ஒருநாள் மருந்து வரும் என்று நம்பினேன். காலையில் தண்ணீர்க் குழாயைத் திருக முடியாமல் நிற்கும்போதெல்லாம், பொறு, அவள் படித்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அதுவும் பொய்யாகிவிட்டது. இதற்கு உன்மேல் கோபமில்லை. ஆனால் வலிக்கிறது.

பதிவேட்டில் அந்தப் பக்கங்களை எல்லாம் போட்டோ எடுத்து வை. அந்த அலுவலகத்தைப் பற்றி உன்னைவிட எனக்கு அதிகம் தெரியும்.

அக்கா


ஜூலை 11

அக்கா,

சொல்லிவிட்டேன்.

ஜூன் இரண்டாவது வாரத்தில் எல்லாவற்றையும் எழுதி இயக்குநருக்குக் கொடுத்தேன். வால் துணுக்குச் சோதனை, பன்னிரண்டு எலிகள், உங்கள் பதிவேடு, உங்கள் விரலைப் பற்றி நான் சொன்னது, எல்லாம். ஐந்து பேர் குழு போட்டார்கள். பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னபோது அது கிடைக்கவில்லை என்று பொறுப்பாளர் சொன்னார். நான் போட்டோக்களைக் காட்டினேன். மறுநாள் பதிவேடு கிடைத்துவிட்டது.

குழுவில் ஒரு அம்மா கேட்டார், "ஒருத்தங்க உன்ன நம்பி காட்டின ஆஸ்பத்திரிச் சீட்ட நீ எப்படிம்மா ஆபீஸ்ல சொன்ன?"

முடிவு இதுதான். கட்டுரையைத் திரும்பப் பெறுகிறார்கள். உங்கள் மேல் எந்தத் தவறும் இல்லை, உடல்தகுதி பற்றிய பத்தி நீக்கப்படுகிறது என்று உங்களுக்குக் கடிதம் அனுப்புகிறார்கள், கையெழுத்தானதை நான் பார்த்தேன். ஆனால் வேலையைத் திரும்பத் தரமாட்டார்கள். எலி அறையை ஒப்பந்தக்காரரிடம் விட்டாயிற்றாம். அதற்காக எவ்வளவோ கேட்டேன். என்னால் முடியவில்லை.

சார் இனி மாணவர்களை எடுக்க முடியாது. என்னோடு இருந்த இரண்டு பேரை வேறு லேபுக்கு மாற்றினார்கள். என்னை எடுக்க யாரும் முன்வரவில்லை. ஆய்வேடு இல்லை. உதவித்தொகை முடிந்துவிட்டது. இருபத்தைந்தாம் தேதிக்குள் விடுதி அறையைக் காலி செய்ய வேண்டும். என்னோடு காபி குடித்தவர்கள் லிஃப்டில் என்னைப் பார்த்தால் போனை எடுத்துக்கொள்கிறார்கள். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. அப்பா தெரு முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறார். போன் வந்தால் அணைத்துவிடுகிறேன், பழகிய வேலைதானே.

மூன்று நாளாக அறையை விட்டு வெளியே போகவில்லை. காலையில் கண் விழிக்கிறது. எதற்கு எழுந்திருக்க வேண்டும் என்று யோசித்தால் ஒரு பதிலும் வரவில்லை. உங்கள் பெயரைச் சரிசெய்வது என்று ஒரு வேலை மிச்சம் இருந்தது, அதற்காக எழுந்துகொண்டிருந்தேன். அதுவும் முடிந்துவிட்டது. பக்கத்து அறைப் பெண்ணிடம் கதவிடுக்கு வழியாக இதைக் கொடுத்துத் தபாலில் போடச் சொல்கிறேன்.

நீங்கள் பதில் எழுத வேண்டாம். இதுதான் என் கடைசிக் கடிதம். குட்டியை நன்றாகப் படிக்கவையுங்கள்.


ஜூலை 16
உன் அறை வாசல்

தங்கச்சி,

உன் கடிதம் நேற்று மத்தியானம் வந்தது. ஆபீஸ் கடிதமும் அதே தபாலில் வந்தது. ஆபீஸ் கடிதத்தை அண்ணன் சத்தமாக வாசித்தார். அண்ணி டீ போட்டுக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது.

அதற்குள் குட்டி உன் கடிதத்தைப் படித்துவிட்டிருந்தாள். கடைசிப் பத்தியைக் காட்டி, "அம்மா, இது சரியா இல்லம்மா. இப்பவே பேசு" என்றாள். போன் செய்தேன், அணைத்து வைத்திருக்கிறாய். விடுதிக்குப் போன் செய்து வார்டனைப் பிடித்தேன். அவர் பக்கத்து அறைப் பெண்ணைப் பக்கத்திலேயே இருக்கச் சொன்னார். நான் காலை முதல் பஸ்ஸில் ஏறிவிட்டேன். பதினொரு மணியிலிருந்து உன் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். நீ 'போங்கக்கா' என்று ஒரு தடவை சொன்னாய். பிறகு பேசவில்லை. பேச்சு வரவில்லை என்றால் போகட்டும், நமக்குக் கடிதம்தான் பழக்கம். வார்டனிடம் ஒரு தாள் வாங்கி உன் வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். கதவுக்கு அடியில் தள்ளிவிடுவேன்.

வார்டன் கையில் மாற்றுச்சாவி இருக்கிறது. உடனே திறக்கிறேன் என்கிறார். நான்தான் பத்து நிமிஷம் கேட்டிருக்கிறேன். நீயாகத் திறந்தால் நல்லது. இல்லையென்றால் அவர் திறப்பார், நான் தடுக்கமாட்டேன்.

உன்னை மன்னித்துவிட்டேனா என்று நீ கேட்கவில்லை. நானாகச் சொல்கிறேன், இல்லை. அந்த இரண்டாவது பத்தி இன்னும் நெஞ்சில் குத்துகிறது. எப்போது போகும் என்று தெரியாது, போகாமலும் இருக்கலாம். ஆனால் உன்னைத் திட்ட எனக்கு நீ வேண்டும். நீ இல்லாமல் போனால் இந்தக் கோபத்தை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

உனக்கு வேலை ஒன்றும் மிச்சமில்லை என்று எழுதியிருக்கிறாய். உன் அப்பாவிடம் சொல்ல வேண்டும். அது பெரிய வேலை, தனியாகச் செய்ய முடியாது, நான் பக்கத்தில் இருக்கிறேன். அந்த அறையில் இருக்கிற சாமானைக் கட்ட வேண்டும். நாளைக்கு ஒரு டாக்டரைப் பார்க்க வேண்டும். மாட்டு டாக்டர் இல்லை, மனசுக்குப் பார்க்கிறவர், வார்டனே ஒருவர் பெயர் சொன்னார். அதற்கப்புறம் என்ன என்று எனக்கும் தெரியாது. என் வேலைக்கே அடுத்த வாரம்தான் ஒரு இடத்தில் கூப்பிட்டிருக்கிறார்கள். கிடைக்குமா என்று பார்க்க வேண்டும்.

பக்கத்து அறைப் பெண் பிஸ்கட்டும் தண்ணீரும் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நிற்கிறாள். அவளுக்கு இன்றைக்குப் பரீட்சையாம், போகமாட்டேன் என்கிறாள். அவளையாவது அனுப்பிவைக்க வேண்டும்.

உள்ளே நாற்காலி நகர்கிற சத்தம் கேட்கிறது, உன் காலடி கதவுப் பக்கம் வருகிறது. நான் எழுதுவதை நிறுத்துகிறேன். வந்து திற.